மூடிய சட்டியும் முரட்டு இறைச்சியும்

மருதானையிலிருந்து மாளிகாவத்தைப் பக்கமாக நடப்போர், காலை வேளையில் இறைச்சிக் கடைகளின் முன்னே சிறு கூட்டம் நிற்பதைக் காண்பர். கொக்கிகளிலே தொங்கும் தோளையும் தொடையையும் பார்த்தவாறு, அவரவர் தத்தம் பணத்துக்கேற்ற துண்டைக் கேட்டு வாங்கிச் செல்வர். முதுகெலும்பின் உட்புறத்தே ஓடும் மென்மையான பகுதி, கடைக்காரர் ‘அண்டர்கட்’ என்று அழைப்பது, விலை மிகுந்தது. தோள், நெஞ்சு, கணைக்கால் ஆகிய பகுதிகள் அதனினும் மலிந்தவை. சவ்வும் நரம்பும் ஓடும் இத் துண்டுகளை வாங்குவோர், கைக்கு எட்டாத நல்ல இறைச்சிக்குப் பதிலாக ஏதோ ஒன்றை ஏற்றுக்கொண்டோம் என்ற எண்ணத்துடனேயே வீடு திரும்புவதுண்டு. அவ்வெண்ணம் பிழையானது. மசாலை பூசி, மூடிய சட்டியிலே, மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைக்கும் முழுத்துண்டு இறைச்சிக்கு மலிந்த தோளே உரிய பகுதி. விலையுயர்ந்த ‘அண்டர்கட்’ அங்கே தோற்றுப்போகும். இது ஏழைக்குச் சொல்லப்படும் ஆறுதல் வார்த்தையன்று. தசைநாரின் அமைப்பிலிருந்தே இது தெளிவாகும்.

கொழும்பு நகரில் இப் பக்குவத்துக்கு நெடுங்காலமாக ஒரு பெயர் உண்டு. பறங்கியர் வீடுகளில் அதனை ‘ஸ்மோர்’ என்பர். இது ஒல்லாந்து மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அம் மொழியில் ‘ஸ்மோரன்’ என்றால் மூச்சுத் திணறச் செய்தல் என்று பொருள். சமையற் கட்டிலே அதே சொல், உணவைச் சிறிதளவு நீருடன் மூடிய பாத்திரத்தில் மெல்ல வேகவைப்பதைக் குறிக்கும். ஆவி வெளியேறாமல் அடைத்து வைப்பதனால் அப் பெயர் பொருத்தமாகவே அமைந்தது. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வீழ்ந்ததோடு போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து முற்றாக அகற்றிய ஒல்லாந்தர், 1796 வரை கரையோரத்தை ஆண்டனர். அவர்களது கிழக்கிந்தியக் கம்பெனி பத்தாவியாவையும் கொழும்பையும் ஒரே வாணிப வலையிற் பிணைத்திருந்தது. ஆகவே, சாவகத் தீவில் இன்று ‘செமூர்’ எனப்படும் இறைச்சிப் பக்குவமும் கொழும்பின் ஸ்மோரும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகள். அங்கே இனிப்புச் சோயாக் குழம்பு சேர்ந்தது. இங்கே தேங்காய்ப்பாலும் வறுத்த கறித்தூளும் சேர்ந்தன.

இச் சட்டிக்குள்ளே இலங்கையின் வரலாற்றில் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. கந்தோர், லாச்சி போன்ற சொற்களை ஒல்லாந்தரிடம் பெற்ற தமிழ், வினாகிரி என்னும் சொல்லைப் போர்த்துக்கேயரிடம் பெற்றது. மிளகாயும் அவர்களது கப்பல்களிலேயே இத் திசைக்கு வந்தது. கறுவாவோ இந் நாட்டுக்கே உரியது. அதனைத் தேடியே அவ்விரு சாராரும் கடல் கடந்து வந்தனர். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் தொழில் பார்த்த பறங்கியக் குடும்பங்கள் ஒரு காலத்தில் நகரெங்கும் பரந்து வாழ்ந்தன. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர் அவர்களுட் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர். ஆட்கள் போயினும் பக்குவம் இங்கே தங்கிவிட்டது. போனவர்களும் அதனை விட்டுவிடவில்லை. 1930இல் கொழும்பிலே பிறந்து 1959இல் சிட்னிக்குக் குடிபெயர்ந்த சார்மெயின் சொலமன் அம்மையார், 1976இல் வெளியிட்ட ஆசியச் சமையல் நூலில் இலங்கைக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கி, இந் நாட்டுப் பாகங்களைப் பிற நாட்டுச் சமையலறைகளுக்கு அறிமுகஞ் செய்தார்.

இன்று மருதானையின் முஸ்லிம் இல்லங்களிலும், கொம்பனித்தெருவின் மலாயர் இல்லங்களிலும், கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்க இல்லங்களிலும் முழுத்துண்டு இறைச்சி பெருநாள்களில் அடுப்பேறுகிறது. வெள்ளவத்தைச் சைவக் குடும்பங்களில் மாட்டிறைச்சி வாசல் கடப்பதில்லை என்பது யாவரும் அறிந்ததே. அவர்களுள் ஊன் உண்போர் ஆட்டின் பின்தொடையை இதே முறையிற் சமைக்கலாம். நேரம் மட்டுமே சற்றுக் குறையும். ஊனே உண்ணாதோர்க்கும் மூடிய சட்டி புதியதன்று. பிஞ்சுப் பலாக்காயை மண்சட்டியில் இட்டு, தணலின் மேல் இரவெல்லாம் விட்டுக் கறுக்க வேகவைக்கும் சிங்களக் கிராமத்து முறை, இதற்கு உடன்பிறந்ததே.

இனி, முரட்டு இறைச்சி ஏன் முரடாயிருக்கிறது என்பதைக் காண்போம். மாடு நடக்கிறது, மேய்கிறது, உழுகிறது, வண்டி இழுக்கிறது. ஓயாது உழைக்கும் தோளும் காலும் தம் தசைநார்களைக் கட்டிப்பிடிக்க உறுதியான தொடுப்பிழையத்தை மிகுதியாக வளர்த்துக் கொள்கின்றன. முதுகின் உட்புறத்துத் தசைக்கு அவ்வளவு வேலை இல்லை. ஆகையால் அது மெத்தென்றிருக்கிறது. தொடுப்பிழையத்தின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். கயிறு முறுக்கினாற்போல் முறுகிக் கிடக்கும் இப் புரதம் பல்லுக்கு இசையாது. ஆனால் ஈரமும் வெப்பமும் நேரமும் ஒருங்கு கூடினால் அம் முறுக்கு அவிழ்ந்து, ஜெலற்றின் என்னும் வழுவழுப்பான பொருளாக உருகுகிறது. ஆட்டுக்கால் சூப்பு ஆறியபின் உறைந்து கட்டியாவது இந்த ஜெலற்றினாலேயே.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. தசைநார் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இறுகிச் சுருங்கி, தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றத் தொடங்குகிறது. கொலாஜனோ 70 பாகைக்கு மேலேதான் குறிப்பிடத்தக்க அளவில் உருகும். அதற்கும் மணிக்கணக்கு வேண்டும். ஆகவே அடுப்பில் ஏற்றி ஒரு மணிநேரமான தோளிறைச்சி, பச்சையாயிருந்ததை விடக் கடினமாயிருக்கும். இவ்வேளையிலேயே பலர் மனந்தளர்ந்து, கடைக்காரன் கிழட்டு மாட்டை விற்றுவிட்டான் என்று ஏசத் தொடங்குவர். இன்னும் ஒன்றரை அல்லது இரண்டு மணிநேரம் பொறுத்தால், உருகிய ஜெலற்றின் நார்களுக்கிடையே பரவி, நீர் இழந்த தசையையும் நாவுக்கு ஈரமாக்கிவிடும். ‘அண்டர்கட்’டில் உருகுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. மூன்று மணிநேரம் வேகவைத்தால் அது தன் நீரையும் இழந்து, ஈடாக எதையும் பெறாமல், வைக்கோலைப்போல் உதிரும். விலை கொடுத்துக் கெடுப்பதென்பது இதுதான்.

கடையிலே கேட்க வேண்டியது, எலும்பு நீக்கிய தோள் அல்லது நெஞ்சுப் பகுதியில் ஒரே துண்டாக 1 கிலோ. சிறு துண்டுகளாக வெட்டிவிடும் பழக்கமுடைய கடைக்காரரிடம் முன்கூட்டியே ‘வெட்டாமல் தாருங்கள்’ என்று சொல்லிவிடுதல் நன்று. துண்டு தடித்திருக்க வேண்டும். தட்டையாயிருந்தால் சுருட்டி நூலாற் கட்டிக்கொள்ளலாம். இடையிடையே வெண்ணிறச் சவ்வு ஓடுவதைக் கண்டு ஒதுக்கற்க. மேலே படர்ந்த தடித்த கொழுப்பை மட்டும் ஒரு விரற்கடைக்கும் குறைவாகச் சீவிவிட்டாற் போதும். போயா தினங்களில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்குமாதலின் நாட்காட்டியைப் பார்த்தே பெருநாட் சமையலைத் திட்டமிட வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளையொட்டிக் குர்பான் இறைச்சி பங்கிடப்படும்போது, ஆண்டிலே பலமுறை மாட்டிறைச்சி வாங்க இயலாத இல்லங்களுக்கும் ஒரு பங்கு வந்து சேருகிறது. அன்று அறுத்த இறைச்சியை அன்றே முழுத்துண்டாகச் சமைக்க முயல்வோர் ஏமாற்றமடைவர். உயிர் பிரிந்த சில மணிநேரத்துள் தசை விறைத்துக் கொள்கிறது. அவ் விறைப்புத் தளர ஒரு நாளேனும், பெருமாட்டுக்கு அதனினும் கூடுதலாகவும் செல்லும். ஆகவே முதல் நாளைக்கு ஈரலையும் சிறு துண்டுகளையும் சமைத்து, பெரிய துண்டைக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்து எடுப்பதே அறிவுடைமை. குளிர்பதனப் பெட்டியில்லாத வீட்டார், கொழும்பின் வெப்பத்தில் பச்சை இறைச்சியை இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெளியே வைத்தல் ஆகாது. அவர்கள் அண்டை வீட்டுப் பெட்டியில் இடங் கேட்கலாம். பெருநாளன்று யாரும் மறுக்க மாட்டார்கள். அல்லது சிறு துண்டுகளாக வெட்டி அன்றே கறியாக்கிவிட வேண்டும்.

மசாலையைப் பொறுத்தவரை, கடையில் விற்கும் தூளை விட முழுத் தானியமாக வாங்கி வீட்டில் வறுப்பது பணமும் மிச்சம், மணமும் மிகுதி. புறக்கோட்டையிலே 100 கிராம் அளவாகச் சரக்குகளை வாங்கி வைத்தால் பல சமையலுக்கு வரும். கொத்தமல்லி 4 பங்கு, நற்சீரகம் 2 பங்கு, பெருஞ்சீரகம் 1 பங்கு, வெந்தயம் ஒரு சிட்டிகை என்ற கணக்கிலே எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணெயின்றி வறுத்தல் வேண்டும். மல்லி மெதுவாகவும் சீரகம் விரைவாகவும் கருகுமாதலின் ஒன்றாகக் கொட்டி வறுத்தல் கூடாது. யாழ்ப்பாணத்துத் தூளில் மிளகாய் முன்னிற்கும். ஸ்மோருக்குரிய தூளிலோ மல்லியே முன்னிற்க வேண்டும். அதன் நிறம் கோப்பிக் கொட்டையின் நிறத்துக்கு வரும்வரை பொறுமையுடன் கிளறினால், வெளிறிய மல்லியில் இல்லாத ஒரு புகைமணம் பிறக்கும். கறுத்துப்போனால் கசக்கும். இத்துடன் 2 அங்குலக் கறுவாத் துண்டு, 4 கராம்பு, 4 ஏலக்காய், சில கறிவேப்பிலை ஆகியவற்றையும் இலேசாக வாட்டி, அம்மியிலோ அரைக்கும் இயந்திரத்திலோ பொடியாக்கினால் தூள் தயாராகும்.

1 கிலோ இறைச்சிக்கு இத்தூளில் 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, செத்தல் மிளகாய்த் தூள் 1 தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, அரைத்த இஞ்சியும் உள்ளியும் 1 மேசைக்கரண்டி, வினாகிரி 2 மேசைக்கரண்டி என்பது அளவு. இறைச்சியை ஒரு முள்ளுக்கரண்டியால் எல்லாப் பக்கமும் ஆழக் குத்தி, இக் கலவையைத் தேய்த்துப் பூச வேண்டும். குத்துவதனால் சாறு வழிந்துபோகும் என அஞ்சுவோருண்டு. பொரிப்பதற்கான இறைச்சியில் அவ்வச்சம் நியாயமானது. இங்கே வழியும் சாறெல்லாம் சட்டிக்குள்ளேயே குழம்பாகிச் சேர்வதால் இழப்பென்பதில்லை.

வினாகிரி இறைச்சியை ஊடுருவி மெதுவாக்கிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது ஒரு சில மில்லிமீற்றருக்கு அப்பால் எளிதிற் செல்வதில்லை. இரண்டு நாள் ஊறவைத்தால் மேற்புறம் புளித்து மாவாகுமேயன்றி உட்புறம் மெதுவாகாது. உள்ளே செல்ல வல்லது உப்பு ஒன்றே. அதற்கும் ஓர் இரவு வேண்டும். எனவே முதல் நாள் மாலை பூசி, மூடிக் குளிரில் வைத்து, மறுநாட் காலை சமைப்பது செம்மையான முறை. நேரமில்லாதவர் ஒரு மணிநேரம் ஊறவைத்தாலும் குடி முழுகிப் போகாது.

சமைக்கத் தொடங்கும்போது சட்டியில் 2 மேசைக்கரண்டி எண்ணெயைச் சூடேற்றி, மேலொட்டிய மசாலையை வழித்துத் தனியே வைத்துவிட்டு, இறைச்சியின் எல்லாப் பக்கத்தையும் பொன்னிறம் கடந்து கபில நிறமாகும்வரை வறுக்க வேண்டும். இவ்வாறு வறுத்தால் துவாரங்கள் அடைபட்டுச் சாறு உள்ளே தங்கும் என்று 1847ஆம் ஆண்டளவில் லீபிக் என்னும் புகழ்பெற்ற ஜேர்மானிய இரசாயன அறிஞர் எழுதினார். பின்வந்தோர் நிறுத்துப் பார்த்தபோது, வறுத்த இறைச்சியும் வறுக்காததைப் போலவே நீரை இழப்பது கண்டனர். ஆயினும் சமையல் நூல்கள் இன்றும் அப் பழைய காரணத்தைக் கைவிடவில்லை. வறுப்பது சுவைக்காகவே, உயர்ந்த வெப்பத்தில் புரதமும் வெல்லமும் கலந்து பிறக்கும் அந்த மணத்தை நீரில் வேகும் இறைச்சி ஒருபோதும் பெறாது. பறங்கிய இல்லங்களில் முதலில் வேகவைத்து இறுதியிலே நெய்யில் வறுத்தெடுப்பது வழக்கம். இரண்டும் நன்றே. இறுதியில் வறுப்பதற்கு எண்ணெய் மீண்டும் வேண்டியிருப்பதால், செலவைப் பார்ப்போர் முதலில் வறுப்பதோடு நிறுத்திக் கொள்ளலாம்.

இறைச்சியை வெளியே எடுத்து, அதே எண்ணெயில் அரிந்த பெரிய வெங்காயம் 2, கறிவேப்பிலை, ஒரு விரல் நீள இரம்பை, தட்டிய எலுமிச்சைப் புல் ஒரு தண்டு, வழித்து வைத்த மசாலை ஆகியவற்றை வதக்கி, மீண்டும் இறைச்சியை இட வேண்டும். அதன்மேல் இரண்டாம் தேங்காய்ப்பால் 2 கோப்பை. இறைச்சி முழுவதும் அமிழ வேண்டியதில்லை. பாதிக்குச் சற்று மேலே நின்றாற் போதும். மேற்பாதி ஆவியிலே வேகும். கால் துண்டு தேசிக்காய் ஊறுகாயும் இதிற் சேரும். இந்த ஊறுகாய்ப் புளிப்பே ஸ்மோரை மற்றக் கறிகளினின்று பிரித்துக் காட்டுவது. அதன் உப்பைக் கணக்கிற் கொண்டு மற்ற உப்பைக் குறைத்துக் கொள்க. 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025இலும் தேங்காய் விலை ஏறியபோது, பல வீடுகளில் ஒரு தேங்காய் இரண்டு சமையலுக்குப் பங்கிடப்பட்டது. இக் கறிக்கும் அரைத் தேங்காய் போதுமானது. முதற்பால் அரைக் கோப்பையை எடுத்து வைத்துவிட்டு, சக்கையிலிருந்தே மற்றப் பாலைப் பிழியலாம்.

சட்டி மண்ணாலானதாயின் மிக நன்று. வினாகிரியும் ஊறுகாயும் சேருமாதலால் அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்க்க வேண்டும். மூடி பொருந்தாவிடின், சட்டியின் வாயில் வாழையிலையை விரித்து அதன்மேல் மூடியை அமர்த்தி, ஒரு கல்லை வைத்து அழுத்தலாம். ஒருமுறை கொதி வந்ததும் தீயைக் கடைசி அளவுக்குக் குறைத்துவிட வேண்டும்.

எரிபொருளை நினைத்தே பலர் இச் சமையலுக்கு அஞ்சுகின்றனர். மூன்று மணிநேரம் அடுப்பெரிந்தால், இறைச்சியில் மீந்த பணம் எரிவாயுவிற் போய்விடாதா என்பது அவர்கள் வினா. 2022ஆம் ஆண்டிலே எரிவாயு உருளைக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற கொழும்பு மக்கள் இவ் வினாவை எழுப்புவது இயல்பு. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டினும் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. மாடிக் குடியிருப்புகளிற்கூட விறகு மூட்ட இடந் தேடிய காலம் அது. வினாவுக்கு விடை இது: கொதிக்கும் நீர், தீயை எவ்வளவு கூட்டினாலும், 100 பாகையைத் தாண்டாது. கூட்டிய தீ முழுவதும் நீரை ஆவியாக்கிச் சன்னல் வழியே அனுப்புமேயன்றி இறைச்சியை விரைவில் வேகவைக்காது. ஓரிரு குமிழி எழும்பும் அளவு தீயே போதும். அத் தீயில் மூன்று மணிநேரத்துக்குச் செலவாகும் வாயு, பெருந்தீயில் எரியும் ஒரு மணிநேரத்துக்கும் வருவது அரிது.

அதனையும் மிச்சம் பிடிக்க வழியுண்டு. ஐரோப்பாவிலே 1867ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் நோர்வே நாட்டார் ஒரு பெட்டியைக் காட்டினர். கொதித்த பாத்திரத்தை வெப்பம் கடத்தாத உறைக்குள் வைத்து மூட, உணவு தன் சூட்டிலேயே வெந்தது. பின்வந்த உலகப் போர்க் காலங்களில் வைக்கோல் அடைத்த பெட்டிகளாக இது பல நாட்டுச் சமையலறைகளிற் பயன்பட்டது. பழைய போர்வைகளும் ஒரு மரப்பெட்டியும் உள்ள எவரும் இதனைச் செய்யலாம். முக்கால் மணிநேரம் அடுப்பில் கொதித்த சட்டியைத் திறவாமல் இறக்கி, போர்வையால் நெருக்கமாகச் சுற்றி நான்கு மணிநேரம் வைத்து, எடுத்தவுடன் மீண்டும் பொங்கக் கொதிக்கவைத்து முடிக்க வேண்டும். அரைச்சூட்டில் இரவு முழுவதும் விட்டுவைத்தல் ஆபத்தானது. 60 பாகைக்குக் கீழே நச்சுக் கிருமிகள் பெருகத் தொடங்கும்.

பிரஷர் குக்கர் உள்ள வீட்டில் இப் பெட்டி தேவையில்லை. 1679ஆம் ஆண்டிலே, எலும்பையும் மெதுவாக்கும் கலமொன்றை லண்டன் றோயல் சங்கத்தாருக்குக் காட்டிய டெனிஸ் பாப்பன் என்னும் பிரெஞ்சு அறிஞரே இதற்கு மூலவர். அடைபட்ட ஆவியின் அழுத்தத்தால் நீர் 120 பாகை அளவிலே கொதிக்க, மூன்று மணிநேர வேலை ஒரு மணிநேரத்தில் முடிகிறது. ஆனால் தேங்காய்ப்பால் அவ்வெப்பத்தில் திரிந்துவிடுமாதலின், முதலில் ஒன்றரைக் கோப்பை நீரில் வேகவைத்து, திறந்தபின் பாலைச் சேர்த்துக் கால் மணிநேரம் வற்றவிட வேண்டும். சுவையில் சட்டியே ஒருபடி மேல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மாலையில் வேலையிலிருந்து வரும் தாய்க்கு அந்த ஒருபடி பெரிதாகத் தோன்றாது.

பாதி நேரத்தில் இறைச்சியை ஒருமுறை புரட்டிவிட வேண்டும். முள்ளுக்கரண்டியைச் செருகித் திருகும்போது நார் தடையின்றிப் பிரிந்தால் வெந்துவிட்டது. இறைச்சியை எடுத்து வைத்து, குழம்பை மூடியின்றி வற்றவைத்து, முதற்பாலை ஊற்றி ஒரு கொதியோடு இறக்கலாம். சூட்டோடு அரிந்தால் துண்டுகள் உடையும். ஆறவிட்டு, முடியுமாயின் ஓர் இரவு குளிரில் வைத்து அரிந்தால், காகிதக் கனத்தில் வில்லைகள் விழும். மேலே உறைந்த கொழுப்பையும் கரண்டியால் எடுத்துவிடலாம். நார் ஓடும் திசையைக் கவனித்து அதற்குக் குறுக்கே வெட்டுதல் இன்றியமையாதது. நெடுக்கே வெட்டினால் நீண்ட நாரைப் பல்லே வெட்ட வேண்டிவரும். குறுக்கே வெட்டினால் அவ் வேலையைக் கத்தி செய்துவிடும். அரிந்த வில்லைகளைக் குழம்பிலிட்டுச் சூடாக்கினால் உணவு ஆயத்தம்.

1 கிலோ இறைச்சி வெந்தபின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை குறைந்து 650 முதல் 700 கிராம் தேறும். துண்டுக் கறியாக வைத்தால் நான்கு பேருக்கு ஒருவேளைக்கே போய்விடும் இது, மெல்லிய வில்லைகளாக அரிந்தால் ஆறு பேருக்கு இருவேளை வரும். ஒருவர் பங்கு 50 கிராம் அளவே. சிறிதெனத் தோன்றினும், வளரும் பிள்ளைகளுக்கு, சிறப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, அது சிறிதன்று. இறைச்சியிலுள்ள இரும்புச்சத்து கீரையிலுள்ளதை விட எளிதில் உடலிற் சேர்கிறது. அதுமட்டுமன்றி, உடன் உண்ணும் கீரையின் இரும்பையும் சேரச் செய்கிறது. பொன்னாங்காணி வறையுடன் இரண்டு வில்லை இறைச்சி வைப்பது அதனாலேயே பொருத்தமானது. உண்டவுடன் தேநீர் அருந்தினால் அப் பயன் குறையும். ஒரு மணிநேரம் கழித்து அருந்தலாம். பல வீடுகளில் தந்தைக்கும் ஆண்மக்களுக்கும் பரிமாறியபின் மீதியே பெண்களுக்கு வருகிறது. கறித்துண்டுகளாயின் இவ் வேற்றுமை கண்ணுக்குத் தெரியாமலே நடந்துவிடும். வில்லைகளை எண்ணி வைக்கலாமாதலால், பங்கு யாருக்குக் குறைகிறது என்பது தட்டிலேயே தெரியும். முதியோருக்கும் இருதய நோயுடையோர்க்கும் சிவப்பு இறைச்சியைக் குறைக்குமாறு மருத்துவர் கூறுவதுண்டு; அவர்களுக்குக் குழம்பில் வெந்த உருளைக்கிழங்கே போதும்.

இப் பக்குவம் இரண்டாம் நாளிலே முதல் நாளை விடச் சுவைக்கும். மசாலை ஊறிச் சமப்படுவதும், ஜெலற்றின் மீண்டும் உறைந்து இறைச்சியைப் பற்றிக்கொள்வதும் காரணம். குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். முதல் நாள் மஞ்சட் சோற்றுக்கும், மறுநாள் இடியப்பத்துக்கும் அது துணையாகும். வில்லைகள் தீர்ந்தபின் எஞ்சிய குழம்பில் உருளைக்கிழங்கையோ அவித்த முட்டையையோ இட்டு இன்னொரு கறி வைக்கலாம். கடைசியாகச் சட்டியின் அடியிலே ஒட்டிக் கிடக்கும் கறுத்த மசாலையும் உதிர்ந்த நார்களும் இருக்கின்றனவே, அவற்றிற்குச் சிறிது வெந்நீர் தெளித்துச் சுரண்டி, சூடான றோஸ் பாணில் வைத்து உண்பதற்குப் பிள்ளைகள் காத்திருப்பர். அச் சட்டியைக் கழுவ அவசரப்பட வேண்டாம்.